ஒப்பமும் உளச்சான்றும்: கோல்ப் ஆட்டத்தின் வழியே ஓர் அறவியல் நோக்கு

தன் சொல்லால் தன்னைக் கட்டிக்கொள்ளும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு. விலங்கைக் கயிறு கட்டும். மனிதனை அவன் கொடுத்த வாக்குக் கட்டும். வாக்குக் காற்றோடு போகாதிருத்தற்பொருட்டு எழுத்து வேண்டப்பட்டது. எழுதியதை ஏற்றவர் இன்னார் என நிறுவுதற்பொருட்டு ஒப்பம் வேண்டப்பட்டது. ஒப்பு, ஒப்பம், ஒப்புதல், ஒப்பந்தம் என்பன ஒன்றோடொன்று உறவுடைய சொற்களாய் நம் மொழியில் நிற்றல் கருதத்தக்கது. உள்ளம் ஒப்ப, அதன் அடையாளமாகக் கை இடுவதே கையொப்பம். ஆயின் உள்ளம் ஒப்பாத நிலையில், ஒப்புவதற்கு வேண்டிய அறிவைத்தானும் பெறாத நிலையில், கை மட்டும் இட்ட அடையாளம் ஒருவரைக் கட்டுமா? கட்டுமெனின் அக்கட்டு அறத்தின்பாற்பட்டதா? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை ஆராய்தற்குக் கோல்ப் ஆட்டத்தை எடுத்துக்கொள்வது திருகோணமலை வாசகர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். துறைமுகத்தை அண்டி வாழும் நமக்குப் படகும் வலையும் அணுக்கமானவை. கோலும் சிறு பந்தும் சேய்மையானவை. எனினும் துறைமுகத்தை அடுத்த சீனக்குடாவிலே, விமானப்படையின் நிருவாகத்தில், ஒரு கோல்ப் திடல் உண்டு. பிரித்தானியர் 1957ஆம் ஆண்டு கையளித்துச் சென்ற தளங்களைப் போலவே இவ்வாட்டமும் அவர்கள் வழியாக இத்தீவுக்கு வந்தது. கொழும்பில் 1879ஆம் ஆண்டிலும் நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டிலும் அவர்கள் கோல்ப் மன்றங்களை நிறுவினர். ஆட்டம் அயலாரது ஆயினும் அது எழுப்பும் அறவினா எல்லார்க்கும் உரியது.

ஏனைய ஆட்டங்களினின்று கோல்பைப் பிரித்துக் காட்டும் இயல்பு ஒன்றுண்டு. துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் நடுவர் ஒருவர் களத்தில் நின்று குற்றங் காண்பர். கோல்ப் ஆடுவோரோ பரந்த புல்வெளியிலே ஆளுக்கொரு பக்கமாய்ப் பிரிந்து செல்வர். ஒருவரது பந்து புதருக்குள் வீழுமாயின் அங்கே அவர் செய்வதைக் காண்பார் பெரும்பாலும் இலர். ஆகவே தான் இழைத்த தவற்றைத் தானே கூறித் தன் அடிக்கணக்கில் தானே கூட்டிக்கொள்ளும் கடப்பாடு ஆடுபவர்மீது சுமத்தப்பட்டது. ஸ்கொத்லாந்தின் லீத் நகரில் 1744ஆம் ஆண்டு முதன்முதலாக விதிகள் எழுதப்பட்டபோது அவை பதின்மூன்றே. இன்று அவை பெருநூலாய் விரிந்துள்ளன. எனினும் 2019ஆம் ஆண்டு திருத்தி வெளியிடப்பட்ட நூலும் தன் முதல் விதியிலேயே நேர்மையை வலியுறுத்துகின்றது.

இவ்வறத்துக்கு எடுத்துக்காட்டாக என்றும் கூறப்படுபவர் பொபி ஜோன்ஸ். 1925ஆம் ஆண்டு நிகழ்ந்த அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் முதற் சுற்றிலே, நெடும்புல்லிற் கிடந்த பந்தை அடிக்க அவர் ஆயத்தமானபோது பந்து சிறிது அசைந்தது. அதிகாரிகள் அதனைக் காணவில்லை. அவர் தாமே அதனை உரைத்து ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். முடிவிலே வில்லி மக்பார்லேனுடன் அவர் சமநிலை எய்தினார். பின் நிகழ்ந்த தீர்வாட்டத்தில் தோற்றார். அவ்வோர் அடியைச் சொல்லாது விட்டிருப்பின் பட்டம் அவருடையதே. தம்மைப் புகழ்ந்தவர்களை நோக்கி, திருடாமல் இருந்ததற்காக ஒருவனைப் பாராட்டுவதா என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்ததாகக் கூறுவர். பொய்யனைத் தண்டிக்கும் நீதிபதியாக வள்ளுவர் அமர்த்துவது அரசனை அன்று, அவனது உள்ளத்தையே. அக்கருத்துக்குப் புல்வெளியிற் கிடைத்த சான்று இதுவெனலாம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். கோல்ப் ஆடும் பெண்களின் சங்கம் ஒன்றைக் கருதிப் பார்ப்போம். அங்கத்தவர்கள் ஆட்ட நேரத்தைப் பதிவதும், பெறுபேறுகளை அறிவதும், சந்தாவைச் செலுத்துவதும் இன்று இணையத்தளத்தின் வாயிலாகவே நிகழ்கின்றன. அத்தளத்துள் நுழையுமுன் நீண்டதொரு நிபந்தனைப் பத்திரம் திரையில் தோன்றும். அதன் அடியில் ஒரு சிறு கட்டம். அக்கட்டத்தின் அருகே, இந்நிபந்தனைகளை வாசித்து ஏற்றுக்கொள்கிறேன் என்னும் பொருள்பட ஒரு வாசகம். அங்கத்தவர் விரலால் அதனைத் தொடுவார், வாயில் திறக்கும். பத்திரத்தை அவர் வாசித்திலர். வாசியார் என்பதை அதனை எழுதியவரும் அறிவர்.

இங்கே ஒரு முரண் எழுகின்றது. புதருக்குள் பந்து ஒரு நூலளவு அசைந்தமைக்காகத் தானே தனக்குத் தண்டம் விதித்துக்கொள்ளும் அதே பெண், ஆட்டத்துக்குப் புறப்படுமுன் வாசியாததை வாசித்தேன் என உறுதி கூறுகின்றார். முன்னதிலே யாரும் காணாதபோதும் மெய் கூறினார். பின்னதிலே எல்லாரும் அறிய மெய்யல்லாததைக் கூறினார். இவ்விரண்டும் ஒரே உளச்சான்றிலிருந்து பிறந்தன எனின், உளச்சான்று என்பதுதான் யாது?

இஃது அற்பப் பொருள் என்று சிலர் கூறலாம். ஒரு கட்டத்தைத் தொடுவதால் யாருக்கு என்ன கேடு என வினவலாம். ஆயின் அத்தகைய பத்திரங்களில் அடங்கக்கூடியவற்றை எண்ணிப் பார்த்தல் தகும். அங்கத்தவரின் பெயர், பிறந்த தேதி, தொலைபேசி இலக்கம், ஒளிப்படம், ஆட்டத்திறனைக் காட்டும் எண் ஆகியவற்றைச் சங்கம் யாருக்குக் காட்டலாம் என்பது அங்கே தீர்மானிக்கப்படுகின்றது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் இப்பெண் இருப்பார் என்பதும் ஆட்ட நேரப் பட்டியலால் வெளிப்படும். நிபந்தனைகளை எப்போதும் மாற்றலாம், தளத்தைத் தொடர்ந்து பயன்படுத்துவதே மாற்றத்தை ஏற்றமைக்கு அடையாளம் என்னும் வாசகமும் இத்தகைய பத்திரங்களில் அரிதன்று. தன் இருப்பிடத்தையும் தன் உருவத்தையும் பற்றிய உரிமையை ஒரு பெண் தன்னையறியாமலே பிறர் கையிற் கொடுத்துவிடும் நிலை அற்பமானதன்று.

சட்டம் இதனை முற்றாகப் புறக்கணித்தது எனவும் கூறலாகாது. இலங்கையிலே 1997ஆம் ஆண்டு நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் பற்றிய சட்டமும், 2006ஆம் ஆண்டு இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் பற்றிய சட்டமும், 2022ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. திரையிற் செய்யும் ஒப்பந்தமும் ஒப்பந்தமே என்பதைச் சட்டம் ஏற்கின்றது. ஒப்புதல் என்பது தடையின்றியும் விளக்கத்தோடும் தரப்பட வேண்டும் என்னும் கொள்கையையும் ஏற்கின்றது. ஆயினும் சட்டம் செல்லுபடியைப் பற்றியே பேசும். நேர்மையைப் பற்றிய வினா எஞ்சியே நிற்கும்.

வாசியாது ஒப்பமிடுதல் பொய்யன்று, நம்பிக்கையே என்று ஒரு சாரார் வாதிப்பர். திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையே கொட்டியாரக் குடாவைக் கடக்கப் படகேறியோர் படகின் இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்தா ஏறினர்? படகோட்டியை நம்பியே ஏறினர். அவ்வாறே அங்கத்தவரும் தம் சங்கத்தை நம்புகின்றனர் என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. நம்பிக்கையின்றிச் சமூக வாழ்வு இயலாது. ஆயின் படகேறியவரை நோக்கி, இயந்திரத்தைச் சோதித்தேன், பழுதில்லை எனக் கண்டேன் என்று எழுதித் தருக எனப் படகோட்டி கேட்டதில்லை. அவ்வாறு கேட்டிருப்பின், கவிழ்ந்தால் பொறுப்பு உன்னுடையது என்பதற்காகவே கேட்கிறான் எனப் பயணி ஐயுற்றிருப்பான். நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாசித்தேன் என்று சொல்லுமாறு ஒருவரைப் பணிப்பது, அவரது நம்பிக்கையை அவருக்கு எதிரான சான்றாக மாற்றுவதாகும்.

விருப்பமில்லையேல் விலகலாமே, யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்பது மற்றொரு வாதம். ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மௌன ஒப்புதல் என்னும் கருத்தை முன்வைத்தார். ஒரு நாட்டின் நலன்களைத் துய்ப்பவன் அந்நாட்டின் ஆட்சிக்கு வாய்திறவாமலே ஒப்புதல் அளித்தவனாவான் என்பது அது. 1748ஆம் ஆண்டில் டேவிட் ஹியூம் இதற்கு விடையாகக் கூறிய உவமை துறைமுகத்தார்க்கு எளிதில் விளங்கும். உறங்கும் ஒருவனைக் கப்பலில் ஏற்றி நடுக்கடலுக்குக் கொண்டுசென்றபின், அவன் கப்பலிலிருந்து இறங்காமையால் மாலுமித் தலைவனின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டான் எனக் கூறலாமோ? இறங்குவதாயின் அவன் கடலிலேதான் குதிக்க வேண்டும். மறுக்கும் வழி உண்மையாகவே திறந்திருக்கும்போதுதான் ஒப்புதல் ஒப்புதலாகும். ஆண்டுக்கணக்காகத் தோழியரோடு ஆடிவந்த சங்கத்தினின்று, ஒரு நிபந்தனை பிடிக்கவில்லை என்பதற்காக முற்றாக விலகுக என ஒருவரிடம் கூறுதல், கடலிற் குதி என்பதை ஒத்ததன்று ஆயினும் அதன் திசையை நோக்கியதேயாம்.

இதுகாறும் கூறியவற்றால் குற்றம் முழுவதும் பத்திரம் எழுதியவரையே சாரும் எனத் துணிதலும் பொருந்தாது. ஒப்பமிடுபவர்க்கும் கடமை உண்டு. கோல்ப் வரலாற்றில் இதனை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகஸ்டா நகரில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளன்று ஆர்ஜென்டீன வீரர் ரொபேர்ட்டோ டி விசென்சோ பதினேழாம் குழியை மூன்று அடியில் முடித்தார். அவரது கணக்கைக் குறித்த சக ஆட்டக்காரர் தவறுதலாக நான்கு என எழுதினார். டி விசென்சோ அட்டையைச் சரிபாராது ஒப்பமிட்டார். ஆடி முடித்தவை 65 அடிகள், ஒப்பமிட்டவை 66. விதிப்படி ஒப்பமிட்ட எண்ணே நிலைத்தது. பொப் கோல்பியோடு சமநிலை எய்தித் தீர்வாட்டம் ஆடியிருக்க வேண்டியவர் ஓர் அடியால் தோற்றார். பல்லாயிரவர் கண்ணாற் கண்ட உண்மையைவிட ஒருவர் வாசியாது இட்ட ஒப்பம் வலிமையுடையதாயிற்று. அவரோ யாரையும் பழிக்காது, மடமை தம்முடையதே என ஏற்றுக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். டி விசென்சோ ஒப்பமிட்ட அட்டை கையகலமானது. பதினெட்டு எண்களைக் கொண்டது. அவர் செய்த செயல்களையே கூறுவது. அவர் நினைத்திருப்பின் ஒரு நிமிடத்தில் வாசித்திருக்கலாம். அன்றியும் அவ்வட்டையில் எழுதியவரும் ஒப்பமிட்டார், ஆடியவரும் ஒப்பமிட்டார். வாசிக்கக்கூடியதை வாசியாது விட்டவர்மீது பொறுப்பைச் சுமத்துதல் கடுமையாயினும் நேர்மையற்றதன்று. வாசிக்க இயலாதவாறு எழுதிவிட்டு வாசியாமைக்காகப் பொறுப்புச் சுமத்துதலோ வேறு வகையானது.

அறியாமையையும் வஞ்சனையையும் வேறுபடுத்திக் காணக் கோல்ப் விதிகளே காலப்போக்கிற் கற்றுக்கொண்டன என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். 2017ஆம் ஆண்டு ஏப்பிரலில் கலிபோர்னியாவில் நிகழ்ந்த பெண்களின் பெரும்போட்டி ஒன்றில் லெக்சி தொம்சன் என்பவர் முன்னணியில் நின்றார். மூன்றாம் நாளாட்டத்தில் அவர் குழியருகே பந்தை எடுத்து மீள வைத்தபோது உரிய இடத்தினின்றும் சற்று விலக்கி வைத்தார் எனத் தொலைக்காட்சியிற் கண்ட ஒருவர் மின்னஞ்சல் வழி முறையிட்டார். தவறான இடத்திலிருந்து ஆடியமைக்கு இரண்டு அடிகளும், அதனால் பிழைபட்ட அட்டைக்கு ஒப்பமிட்டமைக்கு மேலும் இரண்டு அடிகளும் தண்டமாக விதிக்கப்பட்டன. இறுதி நாள் ஆட்டத்தின் இடையிலேயே இச்செய்தி அவருக்கு உரைக்கப்பட்டது. கண்ணீரோடு ஆடித் தீர்வாட்டத்தில் தென்கொரிய வீராங்கனையிடம் தோற்றார். அட்டைக்கு ஒப்பமிடும்போது அப்படியொரு தண்டம் பின்னர் வருமென அவர் அறிந்திருக்க இயலாது. இதன்பின் 2018ஆம் ஆண்டு முதல் பார்வையாளரின் முறையீட்டை ஏற்கும் வழக்கம் கைவிடப்பட்டது. அறியாது பிழையான அட்டைக்கு ஒப்பமிட்டவர்க்கு விதிக்கப்பட்ட மேலதிகத் தண்டமும் நீக்கப்பட்டது. ஒப்பம் என்பதன் மதிப்பு அதன் பின்னுள்ள அறிவைப் பொறுத்தது என்னும் உண்மையை ஆட்டத்தின் விதியே ஒப்புக்கொண்ட இடம் இது.

அறிவு எனின் மொழியும் உடன் வரும். 2008ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்கப் பெண்கள் தொழின்முறைக் கோல்ப் சங்கம், தன் அங்கத்தவர்கள் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறாவிடின் அங்கத்துவம் இடைநிறுத்தப்படும் என அறிவிக்க முற்பட்டது. கொரிய நாட்டுப் பெண்கள் பலர் அக்காலத்தில் அச்சங்கத்தில் சிறந்து விளங்கினர். எதிர்ப்பு எழவே அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது. பந்தை அடிக்கும் திறனுக்கும் ஆங்கிலத்துக்கும் என்ன தொடர்பு என்ற வினா அன்று எழுந்தது. அதனை நாம் இவ்வாறு விரித்துக் கேட்கலாம்: அங்கத்தவர் சங்கத்தின் மொழியைக் கற்றல் கடனா? சங்கம் அங்கத்தவரின் மொழியில் தன்னை விளக்குதல் கடனா? 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தால் விளங்காத மொழியிற் படிவம் நிரப்ப நேர்ந்த ஒரு சமூகத்துக்கு இவ்வினா நூலறிவாக மட்டும் அமையாது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. எனினும் ஏட்டில் உள்ள உரிமை படிவத்தில் இறங்குதற்குக் காலம் செல்லும் என்பதை நாம் பட்டறிந்துள்ளோம்.

விதியை வாசித்தலினும் ஆழமான வினா, விதியை ஆக்கியவர் யார் என்பது. ஆடவர் மன்றங்களில் சம இடம் பெறாத பிரித்தானியப் பெண்கள் 1893ஆம் ஆண்டு தமக்கெனக் கோல்ப் ஒன்றியம் ஒன்றை அமைத்தனர். வெவ்வேறு திறனுடையோரும் ஒத்த நிலையில் ஆடுதற்கு உதவும் ஈட்டெண் முறையைச் சீர்ப்படுத்துவதில் அவ்வொன்றியம் முன்னின்றது. விதிகளின் தாயகமாகக் கருதப்பட்ட சென் அன்ட்ரூஸ் மன்றமோ பெண்களை அங்கத்தவராக ஏற்க 2014ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. மூயர்பீல்ட் திடலைக் கொண்ட மன்றம் 2016ஆம் ஆண்டு மறுத்து, 2017ஆம் ஆண்டிலேயே இசைந்தது. அவ்வளவு காலமும் தாம் ஆக்காத விதிகளைப் பெண்கள் நேர்மையோடு பேணி ஆடினர். அத்தகையோர் தாமே அமைத்த சங்கத்திலும் யாரோ எழுதிய பத்திரத்துக்கு வாசியாது ஒப்பமிடும் நிலை தோன்றுமாயின், பெற்ற உரிமையின் ஒரு கூறு கைநழுவிற்று என்றே கொள்ளல் வேண்டும்.

இவ்விடத்திலே பெரியபுராணம் கூறும் வரலாறு ஒன்று நினைவுக்கு வருகின்றது. சுந்தரரின் திருமண நாளன்று முதியவர் ஒருவர் தோன்றி, உன் பாட்டன் எழுதித் தந்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை என்றார். தான் எழுதாத ஓலை தன்னைக் கட்டுமா எனச் சினந்து சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் சென்றது. முதியவர் மூல ஓலையைக் காட்ட, அது சபையில் வாசிக்கப்பட்டது; பாட்டனின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒத்து நோக்கப்பட்டது; அதன்பின்னரே தீர்ப்பு வழங்கப்பட்டது. பக்தியுலகம் இதனைத் தடுத்தாட்கொண்ட அருளாகப் போற்றும். அறவியல் நோக்கில் நாம் காண வேண்டியது பிறிதொன்று. வந்தவன் இறைவனே ஆயினும், ஓலையைப் பலரறிய வாசிக்கக் கொடுக்கும் கடன் அவனுக்கு இருந்தது. கட்டுப்பட வேண்டியவன் அவ்வோலையை மறுத்து வழக்காட இடமிருந்தது. ஓலையின் வலிமை அது மறைவாய் இருந்தமையால் வந்ததன்று. சபையில் விரிக்கப்பட்டமையால் வந்தது.

கோல்ப் ஆடும் பெண்கள் இம்மாவட்டத்தில் மிகச் சிலரே. ஒப்பமிடும் பெண்களோ பலர். போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் சிறுகடன் பெற்ற பெண்கள் குழுக்களாக இருந்து ஒருவர்க்கொருவர் பிணைநின்று ஒப்பமிட்டனர். வட்டியின் அளவும் தவணையின் கடுமையும் பின்னரே பலர்க்கு விளங்கின. 2018ஆம் ஆண்டு வறட்சியுற்ற மாவட்டங்களின் பெண்களுக்கு அரசு கடன் நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அத்துயர் முதிர்ந்தது. புல்வெளியில் ஆடும் பெண்ணின் விரலும் முற்றத்தில் அமர்ந்து கடன் படிவத்தில் எழுதிய பெண்ணின் கையும் செய்த செயல் ஒன்றே. இழப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. முன்னவர் பெரும்பாலும் எதனையும் இழவார். பின்னவர் கழுத்து நகையையும் உறக்கத்தையும் இழந்தார். வசதியுடையோர் வாசியாது ஒப்பமிடுதலை இயல்பாக்கிவிடும்போது, வறியோர்க்கும் அதுவே வழக்கமாகி விடுகின்றது. எல்லாரும் செய்வதுதானே, இங்கே ஒப்பமிடுங்கள் என்று கூறும் குரலுக்கு வலிமை தருவது அவ்வழக்கமே.

எனவே கடமை இரு பாலது எனத் துணியலாம். ஒப்பம் கேட்பவர், வாசிக்கக்கூடிய அளவில், விளங்கக்கூடிய மொழியில் எழுதுதல் வேண்டும். மாற்றம் நேரின் அறிவித்தல் வேண்டும். ஒரு நிபந்தனையை மறுப்பவர் முழு உறவையும் இழவாதவாறு வழிவிடுதல் வேண்டும். அங்கத்தவர் சங்கமாயின் ஆண்டுக்கொருமுறை கூட்டத்தில் அப்பத்திரத்தை வாய்விட்டு வாசித்தாலே போதும்; வாசிக்க நாணும் வாசகங்கள் தாமே உதிர்ந்துவிடும். ஒப்பமிடுபவர், வாசிக்கக்கூடியதை வாசித்தல் வேண்டும். விளங்காததை விளங்கவில்லை எனக் கூறும் துணிவு கொள்ளல் வேண்டும். அத்துணிவு சிறிதன்று. தன் அறியாமையைப் பலர்முன் கூறுதல், புதருக்குள் அசைந்த பந்தைக் கூறுதலினும் கடினமானது.

பொபி ஜோன்ஸ் அன்று கூட்டிக்கொண்டது ஓர் அடியை. யாரும் காணாத இடத்தில் மெய்யுரைத்தமையால் அவர் ஒரு பட்டத்தை இழந்தார். அவரது சொல் என்றென்றும் நம்பத்தக்கதாயிற்று. நாமோ நாள்தோறும் எல்லாருங் காண, வாசித்தேன் என்று உரைத்து நம் சொல்லின் மதிப்பைச் சிறிது சிறிதாய்க் குறைத்துக்கொள்கின்றோம். உரைக்குமாறு நம்மைப் பணிப்போர் அக்குறைவிற் பெரும்பங்கினர் என்பது மெய்யே. எனினும் சொல் நம்முடையது. உள்ளம் ஒப்பிய பின்னரே கை ஒப்பமிடுதல் தகும். உள்ளம் ஒப்புதற்கு வேண்டிய ஒளியைத் தந்த பின்னரே ஒப்பத்தைக் கேட்டலும் தகும்.